டோஃபுவும் செங்கல்லும்

2007 அக்டோபர் 11, வியாழன்

நேற்று விடுமுறை. இன்று ஆபீசில் யாருக்கும் தூக்கம் கலையவில்லை. பத்து மணிக்கு ஜி.எம். காவ் எங்கள் இருவரையும் கூப்பிட்டார் – என்னையும் போ-சுன்னையும். தேநீர் கூட ஊற்றவில்லை.

"ரெண்டையும் தயாரிக்கிற அளவுக்குக் கம்பெனியில பணம் இல்ல. ஏதாவது ஒண்ணுதான் ஃபேக்டரிக்குப் போகும். மேனேஜர் ஃபாங்" என்று என் பக்கம் திரும்பினார், "உங்க டேப்லெட்டை அவர் சோதிச்சுப் பார்க்கட்டும். அவரோட குட்டிக் கம்ப்யூட்டரை நீங்க பாருங்க. டிசம்பர்ல ரெண்டு பேரும் வந்து என்கிட்ட சொல்லுங்க."

பிறகு சிரித்தார். "புருஷன் பொண்டாட்டியாச்சே. ஒருத்தர் குறையை இன்னொருத்தர் கண்டுபிடிக்க உங்களை விட்டா யாரு இருக்கா?"

போ-சுன் சிரித்தான். நானும் சிரித்தேன். எதற்குச் சிரித்தேன்?

அக்டோபர் 14

போ-சுன் ஒரு விதி போட்டான். வீட்டுக்குள் இதைப் பற்றிப் பேசக் கூடாது. "வாசல்ல செருப்பைக் கழட்டுறப்பவே வேலையையும் கழட்டிடணும், யூ-லான்."

சரி என்றேன். எங்கள் டேப்லெட் அவன் பையில். அவனுடைய இயந்திரம் என் பையில். பைகள் இரண்டும் சோபாவில் ஒன்றின் மேல் ஒன்று கிடக்கின்றன.

எங்கள் குழு எங்கள் டேப்லெட்டுக்கு வைத்த பெயர் டோஃபு. சோயாக் கட்டி போல வெள்ளையாக, தட்டையாக, கையடக்கமாக இருப்பதால். அவன் குழுவின் இயந்திரத்துக்குச் செங்கல் என்று பெயர் வைத்ததும் நாங்கள்தான். "டோஃபு தொட்டாலே உடஞ்சிரும். செங்கல்லை வச்சு வீடு கட்டலாம்" என்று அவன் ஆட்கள் திருப்பிக் கொடுத்தார்கள். அப்போது அதெல்லாம் விளையாட்டு.

அக்டோபர் 22

மெட்ரோவில் வேண்டுமென்றே டோஃபுவை எடுத்து வைத்துப் பார்த்தேன். பக்கத்தில் ஒரு அம்மாள், மடியில் முட்டைக்கோஸ்.

"புது ஃபோனா?"

"இல்லங்க. இன்டர்நெட் பார்க்கிறதுக்கு."

"பேச முடியாதா?"

"முடியாது."

"அப்புறம் இது எதுக்கு?"

மூன்று வருஷமாக இதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். டோஃபுவைப் பைக்குள் வைத்துவிட்டேன்.

திரும்பும்போது செங்கல்லைத் திறந்தேன். எதிரே இருந்த பள்ளிக்கூடப் பெண்கள் இரண்டு பேர் எழுந்தே வந்துவிட்டார்கள். "ஐயோ, பொம்மைக் கம்ப்யூட்டர் மாதிரி இருக்கே! அக்கா, ஒரு தடவை தொட்டுப் பார்க்கலாமா?"

தொடட்டும்.

நவம்பர் 2

என்னை அறியாமலேயே அவன் இயந்திரத்துக்குப் பழகிக்கொண்டிருக்கிறேன். எரிச்சலாக வருகிறது.

நவம்பர் 10

பொய் எழுத இந்த நோட்டு தேவையில்லை. உள்ளதை எழுதுகிறேன்.

செங்கல் கனக்கிறது. பொத்தானை அழுத்திவிட்டுப் பல் தேய்த்து முகம் கழுவி வந்தால்தான் கண் விழிக்கிறது. உள்ளே விசிறி இரைகிறது. எழுத்துப் பொத்தான்கள் மிகப் பொடியாக இருப்பதால் இரண்டு கட்டை விரலால் குத்திக் குத்தித்தான் எழுத வேண்டும். மத்தியானச் சாப்பாட்டுக்குள் சார்ஜ் போய்விடுகிறது.

ஆனாலும் எதைக் கேட்டாலும் மறுப்பதில்லை. பாங்க் பக்கம் திறக்கிறது. ஆபீஸ் கணக்கு திறக்கிறது. பாட்டு, படம் எல்லாம் ஓடுகிறது. வீட்டுக் கம்ப்யூட்டரில் தெரிந்த அதே முகம், அளவுதான் சின்னது. யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

என் டோஃபு தொட்டவுடன் விழிக்கும். பொழுது முழுக்கத் தாங்கும். பஸ்ஸில் நின்றபடி ஒற்றைக் கையில் செய்தி படிக்கலாம். ஆனால் பாங்க் பக்கத்தைத் தட்டினால் வெள்ளைத் திரை. வீடியோவைத் தட்டினால் வெள்ளைத் திரை. "இன்னும் அஞ்சு வருஷத்துல எல்லாரும் கையில இதைத்தான் வச்சிருப்பாங்க, மேடம்" என்கிறாள் சிங்-யி. எங்கள் மென்பொருளை ஒற்றை ஆளாகத் தூக்கி நிறுத்தியவள் அவள். நானும் அதை நம்புகிறேன். அந்த அஞ்சு வருஷத்துக்குக் காவ் சம்பளம் கொடுப்பாரா?

நவம்பர் 25, ஞாயிறு

செங்கல்லை சார்ஜில் போட்டு சோபாவில் வைத்துவிட்டுக் காய்கறி நறுக்கப் போனேன். பிளாஸ்டிக் கருகுகிற நாற்றம். ஓடி வந்து தூக்கினேன். கை சுட்டுவிட்டது. அடியில் இருந்த மெத்தைத் துணி தோசைக்கல் பட்டது போலப் பழுப்பாகிவிட்டது.

போ-சுன் குளியலறையிலிருந்து ஈரத் தலையோடு வந்தான். என் விரலைப் பார்க்கவில்லை. இயந்திரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"பேட்டரிதான். இது பழைய லாட். புதுசு வருது. அடுத்த லாட்ல சரியாயிடும்."

"சரி."

"மீட்டிங்ல மட்டும் இதைச் சொல்லாத, யூ-லான். காவ் கிழவர் ஒரு தடவை நெருப்புன்னு காதுல வாங்கிட்டா மொத்தத்தையும் இழுத்து மூடிடுவார். என் பசங்க நிலைமைய யோசி."

வீட்டுக்குள் பேசக் கூடாது என்று விதி போட்டவன். சமையலறையிலேயே நின்று, என் தோளைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினான். சரி என்று சொல்லிவிட்டேன். அவன் பசங்களின் முகமும் எனக்குத் தெரிந்ததுதானே.

பிறகுதான் விரலுக்குக் களிம்பு தேடினான்.

டிசம்பர் 6

எழுதக் கை வரவில்லை. இருந்தாலும் எழுதிவிட வேண்டும்.

முதலில் நான் பேசினேன். கனம், விசிறி, சார்ஜ் எல்லாம் சொன்னேன். நல்லதையும் சொன்னேன். ஏன் மறைக்க வேண்டும், நல்லது நல்லதுதானே. "வீட்டுல கம்ப்யூட்டரே இல்லாதவங்க இதைத்தான் முதல்ல வாங்குவாங்க" என்றேன். சூட்டைப் பற்றி வாயைத் திறக்கவில்லை.

பிறகு அவன் எழுந்தான்.

"மேனேஜர் ஃபாங்கோட டேப்லெட்ல ஒரு அடிப்படைப் பிரச்சனை இருக்கு. மழைக்காலத்து ஈரத்துல தொடுதிரை தப்பு இடத்துல வேலை செய்யுது. கண்ணாடிக்கு அடியில இருக்கிற பசை ஈரத்தை இழுக்குது. சப்ளையருக்கும் இது தெரியும்."

மேனேஜர் ஃபாங். என் புருஷன் வாயால்.

அந்தப் பசை விஷயம் அவன் சோதித்துக் கண்டுபிடித்ததல்ல. தைபேயில் மழைக்காலம் மே, ஜூனில்; அக்டோபரிலிருந்து அவன் எந்த மழைக்காலத்தைப் பார்த்தான்? ஜூன் மாதம், ஜன்னலுக்கு வெளியே விடாமல் தூறிக்கொண்டிருந்தபோது, அவன் தோளில் தலை சாய்த்துக்கொண்டு நான் சொன்னது அது. பயமாக இருக்கிறது, இன்னும் ஆபீசில் சொல்லவில்லை, வேறு பசை தேடிக்கொண்டிருக்கிறேன் என்று சொன்னேன். அவன் என் தலையைத் தடவிக் கொடுத்தான்.

வேறு பசை செப்டம்பரிலேயே கிடைத்துவிட்டது. அதுவும் அவனுக்குத் தெரியும்.

எழுந்து சொன்னேன். காவ் கையை உயர்த்தினார். "சரியாயிடும், சரியாயிடும்னு எல்லாரும்தான் சொல்றீங்க. எனக்கு இப்பவே ஓடுறது வேணும்."

இப்பவே ஓடுவது!

அப்போதாவது நான் சொல்லியிருக்கலாம். விரலில் தழும்பு இருந்தது. மேஜை மேல் வைத்துக் காட்டியிருக்கலாம். உட்கார்ந்துவிட்டேன்.

டிசம்பர் 7

"வீட்டுல பேசாதேன்னுதானே முடிவு பண்ணோம்" என்கிறான்.

டிசம்பர் 20

எங்கள் குழுவைக் கலைத்துவிட்டார்கள். பாதிப் பேருக்கு வேலையே இல்லை. சிங்-யி அழவில்லை. மேஜையைத் துடைத்தாள், செடித்தொட்டியை எடுத்துக்கொண்டாள். "மேடம், உங்க வீட்டுக்காரர் ரொம்பத் திறமைசாலி" என்று சொல்லிவிட்டு லிஃப்டுக்குள் போய்விட்டாள். திட்டியிருந்தால் தேவலை.

எனக்கு வேலை மிச்சம். போ-சுன் குழுவில், அவனுக்குக் கீழே. செங்கல்லுக்கு விளக்கப் புத்தகம் எழுத வேண்டுமாம்.

2008 ஜனவரி 25

சீன வருஷக் கடைசி விருந்து. வட்ட மேஜைகள், மேடையில் குலுக்கல் பரிசு, காவ் பெண் விக் வைத்துக்கொண்டு ஆடினார். முழுக் கோழி வந்தது. அந்தக் காலத்தில் முதலாளி கோழித் தலையை யார் பக்கம் திருப்பி வைக்கிறாரோ அவருக்கு வேலை போயிற்று என்று அர்த்தம். இப்போது நாகரிகமாகத் தலையை வெட்டிவிட்டுத்தான் கொண்டுவருகிறார்கள்.

யாரோ குடிபோதையில் கத்தினான். "தலை எங்கேப்பா? மேனேஜர் ஃபாங் பக்கம் திரும்பியிருந்துச்சா?" மேஜையே சிரித்தது. போ-சுன் எனக்குக் கோழித் துண்டு எடுத்து வைத்தான். தொடைப் பகுதி. எனக்குப் பிடிக்குமாம்.

பிப்ரவரி 6

சாங்-ஹுவாவில் மாமியார் வீடு. சீனப் புத்தாண்டுக்கு முந்தின ராத்திரிச் சாப்பாடு. "என் பையன் செஞ்ச கம்ப்யூட்டர் ஜப்பான்ல எல்லாம் விக்கப் போகுதாமே!" என்று மாமியார் மீன் தட்டை அவன் பக்கம் தள்ளினார்கள். "உன்னோடது என்னம்மா ஆச்சு?"

"நிறுத்திட்டாங்க, அம்மா."

"அதனால என்ன, ஒரே வீடுதானே. யார் ஜெயிச்சா என்ன?"

மிச்சப் பாத்திரங்களையும் நானே கழுவினேன்.

மார்ச் 19

செங்கல் கடைகளுக்குப் போயிருக்கிறது. நன்றாக விற்கிறதாம். அவன் சந்தோஷத்தில் வீட்டுக்குள் விசில் அடிக்கிறான்.

பேட்டரி? அதே பழைய லாட்தான். புதியது விலை அதிகமாம்.

ஏப்ரல் 15

ஜப்பானிலிருந்து திரும்பி வருகின்றன, பெட்டி பெட்டியாக. ஒரு மாணவன் மடியில் வைத்திருந்தானாம். தொடை வெந்துவிட்டது.

மீட்டிங். காவ் முகம் பன்றி ஈரல் நிறத்தில். "இதைச் சோதிச்சது யாரு?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"மேனேஜர் ஃபாங், மாசக்கணக்கா உங்க கையில இருந்துச்சே. ஒரு தடவை கூடச் சுடலையா?"

"சுட்டுச்சு."

"அப்ப ஏன் சொல்லல?"

நான் போ-சுன்னைப் பார்த்தேன். அவன் வாய் திறக்கட்டும் என்று காத்திருந்தேன். கடைசியில் திறந்தான்.

"அப்ப மேனேஜர் ஃபாங் அவங்க டேப்லெட் வேலையில மும்முரமா இருந்தாங்க சார். அவ்வளவு கவனிச்சிருக்க மாட்டாங்க. அவங்களை மட்டும் குறை சொல்ல முடியாது."

எவ்வளவு பெரிய மனசு!

"இவர்தான் என்னைச் சொல்ல வேண்டாம்னு கேட்டுக்கிட்டார்" என்றேன், எழுந்து நின்று. காவ் கண்ணை மூடிக்கொண்டார். "புருஷன் பொண்டாட்டி சண்டைய வீட்டுல வச்சுக்கங்க."

யாரும் நம்பவில்லை. அல்லது நம்பினார்கள், அவர்களுக்கு அது வேண்டியிருக்கவில்லை.

வீட்டுக்கு வந்து போ-சுன் சொன்னான்: "உன்னைக் காப்பாத்தத்தான் அப்படிச் சொன்னேன். நீ ஏன் எல்லார் முன்னாடியும் –"

"யாரைக் காப்பாத்த?"

திரும்பிப் படுத்தான்.

ஏப்ரல் 16

ராஜினாமாக் கடிதம். ஒரு வரி போதுமாக இருந்தது.

மே 3, சனி

ஷின்-சூ. காற்று ஓயாத ஊர். காருக்குள் பொருத்தும் திரை செய்கிற சின்னக் கம்பெனி. எனக்கு மேலே இருப்பவர் என்னைவிட இளையவர், கண்ணியமாகப் பேசுகிறார். மாடியில் ஒரு அறையில் தனியாக இருக்கிறேன். போ-சுன் தினமும் ஃபோன் பண்ணினான், பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள். "எப்ப வருவ?" என்பான். எப்போது வருவேன் என்று அவன் கேட்கிற ஒவ்வொரு தடவையும், அவளுக்கு நான் என்ன செய்தேன் என்று அவன் இன்னும் தன்னைத்தானே கேட்டுக்கொள்ளவில்லையே என்றுதான் தோன்றும்.

ஜூன் 4, புதன்

தைபேயில் கம்ப்யூட்டர் கண்காட்சி. என் புதுக் கம்பெனியின் கடையில் நின்றேன். மண்டபம் முழுக்கக் குட்டிக் கம்ப்யூட்டர்கள், எந்தப் பக்கம் திரும்பினாலும், எல்லா நிறத்திலும், பாதி விலையில். பழைய கம்பெனிக்குக் கடையே இல்லை.

மத்தியானம் ஒரு இளம்பெண் வந்தாள், கழுத்தில் அடையாள அட்டை, பின்னால் போ-சுன். இளைத்திருந்தான்.

"வணக்கம் மேடம். நாங்க சார்ஜர் வயர் சப்ளை பண்றோம். இவர் எங்க விற்பனை மேனேஜர், யௌ போ-சுன் சார்."

அவள் எதிரே நிற்கிறாள். வேறு வழியில்லை. என் பெயர் அட்டையை இரண்டு கையாலும் நீட்டினேன். அவனும் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, தலை குனிந்து, தன்னுடையதைக் கொடுத்தான். கல்யாணம் பேச வந்த அன்றுகூட அவன் எனக்கு இப்படிக் குனிந்ததில்லை.

அட்டையை நெடுநேரம் படித்தான்.

"ஷின்-சூ விலாசம் போட்டிருக்கு. இருக்கிறதும் அங்கேயேதானா?"

"ஆமாங்க."

அவன் இன்னும் ஏதோ கேட்க வந்தான். நான் விலைப் பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சரி, கூப்பிடுகிறோம் என்று சொல்லிவிட்டு நகர்ந்தார்கள். கொஞ்ச தூரம் போனதும் அந்தப் பெண் அவனிடம் ஏதோ கேட்டாள்; அவன் தலையை ஆட்டினான், ஆமா என்றா இல்லை என்றா தெரியவில்லை.

"மேடம், இவரை முன்னாடியே தெரியுமா?" என்றான் எங்கள் கடைப் பையன்.

"ஒரே கம்பெனியில வேலை பார்த்திருக்கோம்."

அடுத்து ஒரு ஜெர்மன்காரர் வந்து நின்றார். நல்ல வெயிலில் இந்தத் திரை தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றேன். கழற்றி எடுத்துக்கொண்டு அவரை வாசலுக்கு அழைத்துப் போய்க் காட்டினேன்.