நூலில் பிழை

இன்று மாலை ரயிலில் எதிரே இருந்த பெண் நிறமில்லாத நகப்பூச்சுக் குப்பியைத் திறந்தாள். அந்த நெடி ஏறியதும் என் நிலையமான நோபல் பார்க்கில் இறங்க மறந்துவிட்டேன். அடுத்த நிலையத்தில் நின்று உன்னைத்தான் திட்டினேன், மச்சான். செத்த பிறகும் நீ என்னை நேரத்துக்கு வீடு போகவிடுவதில்லை.

உன் கராஜில் எப்போதும் அந்த நெடிதான். கடலுக்குப் போய் ஆற்றுக்குத் திரும்பும் ட்ரவுட் மீனை இரையென்று ஏமாற்ற நீ பொய்ப்பூச்சி கட்டுவாய். காது துடைக்கும் குச்சியின் பஞ்சை உருவி எறிந்துவிட்டு, அந்தப் பிளாஸ்டிக் குழாயின்மேல் மான்வால் முடியை நூலால் சுற்றி இறுக்குவாய். கடைசி முடிச்சின்மேல் ஒரு சொட்டு நகப்பூச்சு. தூண்டில் முள் பூச்சியில் இருக்காது. குழாய்க்குள் நுழைந்து வரும் தங்கூசி என்னும் நைலோன் இழையின் நுனியில் தனியாக இருக்கும். மீன் கடித்ததும் பூச்சி தங்கூசி வழியே மேலே வழுக்கிப் போய்விடும்.

"மீன் மாட்டும், பூச்சி தப்பும். அதுதான்டா இதின்ரை விசேஷம்" என்பாய்.

"இந்த வீட்டிலை காது துடைக்க ஒரு குச்சி மிஞ்சாது" என்று உன் மனைவி குசினியிலிருந்து குரல் கொடுப்பாள்.

ஒரு குளிர்காலத்தில் முடிச்சுகள் நழுவத் தொடங்கின. "நூல் சரியில்லையடா" என்றாய். நூலை மாற்றினாய். பிறகு பூச்சியைப் பிடித்து வைக்கும் கருவியை மாற்றினாய், விளக்கை மாற்றினாய், கண்ணாடியை மாற்றினாய். நானும் உன்னோடு சேர்ந்து நூல் கம்பனிக்காரனைத் திட்டினேன். உன் விரல்களை இரண்டு பேருமே சந்தேகிக்கவில்லை. மாதா கோயிலுக்குப் புறப்படும்போது சட்டைப் பொத்தானைப் போட முடியாமல் நீ நின்றதைப் பார்த்து, உன் மனைவிதான் டொக்டரிடம் இழுத்துப் போனாள்.

தசைக்குப் போகும் நரம்புகள் ஒவ்வொன்றாகச் சாகின்றன, மாற்ற மருந்தில்லை என்றார்கள்.

"அப்ப நூலிலை பிழையில்லை" என்று திரும்பி வரும்போது காரில் சிரித்தாய். என்னால் சிரிக்க முடியவில்லை.

அடுத்த சீசனில் ஒரு மீனாவது பிடித்துவிட வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தாய். நீ கதிரையில் இருந்து சொல்ல, நான் கட்டினேன். "இறுக்கு. அவ்வளவு இறுக்காதை, குழாய் நெளியும்." சில மாதங்களில் பேச்சும் போனது. பிறகு கண்ணால் மட்டும்தான்: சரியென்றால் மூடுவாய், பிழையென்றால் முறைப்பாய். முறைத்ததுதான் அதிகம்.

சீசன் திறக்கும் முன்பே போய்விட்டாய். பெட்டியில் உன் கையில் செபமாலையை வைத்தார்கள். அது நழுவிக்கொண்டே இருந்தது. கடைசியில் உன் மனைவி அதை விரல்களைச் சுற்றி இறுக்கிவிட்டாள். என்னால் அங்கே நிற்க முடியவில்லை. வெளியே போய் அழுதேன்.

இப்போது கடைகளில் காகிதக் குச்சிதான் விற்கிறார்கள். உன் பழைய பிளாஸ்டிக் குச்சிப் பெட்டியை உன் மனைவி என்னிடம் தந்தாள். நான் இன்னும் கட்டுகிறேன். நாம் கட்டிய பூச்சியில் மீனும் மாட்டியது. நீ சொன்னபடியே பூச்சி தப்பியது.

ஆனால் முடிச்சு நழுவினால் நான் முதலில் நூலைப் பார்ப்பதில்லை. விளக்கின் கீழ் கையை நீட்டி, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்க்கிறேன். பிறகுதான் நூலை எடுக்கிறேன்.

இதுவரை நூலில்தான் பிழை.