ஆள் உண்டா என்ற கேள்வி

மார்ச் 4, செவ்வாய்
கென்டக்கி மலைக்கு இன்னும் குளிர் விடவில்லை. நோயாளிகளை ஏற்றும் என் வேனில் ஒலீட்டா அக்காவை வழக்கம்போல் லாரல்டனுக்கு டயாலிசிஸுக்கு ஏற்றிப் போனேன். வாசலில் ஐந்து நிமிடம் நிற்க வைத்தாள்.
"இவ்வளவு சிங்காரம் எந்த ராஜகுமாரனுக்கு?" என்றேன்.
"அறுபது மைல் உன் மூஞ்சியப் பாக்கணும்ல. அதுக்குத் தைரியம் வரவேணாமா?"
லாரல்டன் வரும்வரை இரண்டு பேரும் வாயை மூடவில்லை.

மார்ச் 6, வியாழன்
நம்மூர் ஆஸ்பத்திரியைத் தாண்டும்போது அக்கா வேறு பக்கம் பார்த்தாள். அங்கே இருந்த ஆறு டயாலிசிஸ் நாற்காலிகளையும் போன அக்டோபரில் எடுத்துவிட்டார்கள். வந்தவர்கள் எல்லாம் இல்லாதப்பட்டவர்கள், அரசுக் காப்பீட்டுக்காரர்கள். காப்பீடு கொடுப்பது ஆஸ்பத்திரிக்குக் கட்டுப்படியாகவில்லையாம். என் வேன் ஓடுவதும் அதே காப்பீட்டின் தயவில்தான்.

மார்ச் 11
மழை. அக்கா வழியெல்லாம் தூங்கினாள். வைத்திருந்த மூன்று ஜோக்கையும் ஸ்டியரிங்கிடம் சொன்னேன்.

மார்ச் 15, சனி
காப்பீட்டின் இலவச வேன் சலுகைக்குப் புது ஃபாரம் வந்திருக்கிறது. அக்கா கண்ணாடியை மறந்துவிட்டாள். எட்டாவதோடு நின்ற என் கையெழுத்தில் நானே நிரப்பினேன். 'போக்குவரத்துக்கு உதவ உங்களுக்கு ஆள் உண்டா?' என்று ஒரு கேள்வி.
"யாரும் இல்லன்னு போடுடா."
கேட்க ஒருமாதிரி இருந்தது. "அப்ப நான் யாரு, ஆவியா?" என்று சொல்லி, என் பெயரைப் போட்டு, 'வெர்லின். எப்போது கூப்பிட்டாலும் வருவான்' என்று எழுதினேன். சிரித்தபடியே கையெழுத்துப் போட்டாள்.

ஏப்ரல் 3, வியாழன்
இன்றைய வேன் பட்டியலில் அக்கா பெயர் இல்லை. எங்கள் வேன் ஆபீசில் ஷெல்பாதான் கணினியைப் பார்த்துச் சொன்னாள்.
"அவங்களக் கூட்டிட்டுப் போக ஆள் இருக்காமே. ஆள் இருக்கிறவங்களுக்கு இனி வேன் கிடையாது. மேல பணத்தக் குறைச்சுட்டாங்க."
"எவன் அந்த ஆள்?"
"நீங்கதான். பேர் போட்டிருக்கே."
இன்று அக்கா போகவில்லை.
முட்டாப்பய. ஒரு கேள்வி — ஒரே ஒரு கேள்விக்குச் சும்மா இருக்கத் தெரியலையா எனக்கு?

ஏப்ரல் 5, சனி
லீவு போட்டு என் பழைய பிக்கப் வண்டியில் கூட்டிப் போனேன். அக்காவுக்குக் கால் வீங்கிச் செருப்பு நுழையவில்லை.
"என்னாலதான் அக்கா."
"தெரியும். திரும்பி வரும்போது திட்டுறேன். இப்ப மூச்சு இல்ல."
திரும்பும்போது திட்டவே இல்லை. அதைத்தான் தாங்க முடியவில்லை.

ஏப்ரல் 8, செவ்வாய்
திருத்தம் எழுதிப் போட்டாயிற்று. பதிலுக்கு நாற்பத்தைந்து நாளாம். "சிறுநீரகத்துக்கிட்ட யாரு சொல்றது, காத்திருன்னு?" என்றேன். ஷெல்பா சிரிக்கவில்லை. இன்று சர்ச்சிலிருந்து ஒருவர் அக்காவைக் கூட்டிப் போனார். நான் வேறு ஆட்களோடு எதிர்ப்பக்கம் ஓட்டிக்கொண்டிருந்தேன். வியாழனுக்கு யார்?

ஏப்ரல் 17
வியாழனுக்கு ஆள் இல்லை. போன வாரமும் இல்லை.

ஏப்ரல் 26, சனி
அக்கா லாரல்டனுக்கே குடிபோய்விட்டாள். டயாலிசிஸ் இடத்துக்கு அடுத்த தெருவில் ஓர் அறை. சாமான்கள் பிக்கப்பில் ஒரே நடையில் அடங்கின.
"முப்பது வருஷம் இருந்த வீடு. இவ்வளவுதானாடா?"
வேடிக்கையாக ஏதாவது சொல்ல நினைத்து, கயிற்றை இன்னொரு முறை இறுக்கிக் கட்டினேன்.

மே 6
வேனில் அக்கா உட்கார்ந்த இடத்தில் இப்போது ஒரு பெரியவர். காதில் எதையோ செருகிக்கொண்டு கண்ணை மூடிக்கொள்கிறார்.

மே 20, செவ்வாய்
அக்காவின் வேன் சலுகையைத் திரும்பக் கொடுத்துவிட்டார்களாம். அவளுடைய பழைய வீட்டு முகவரிக்குக் கடிதமும் போயிருக்கிறது. அங்கே இப்போது வேறு குடும்பம். போன் செய்து சொன்னேன்.
"எனக்கெதுக்குடா வேன்? நடந்தே போறேன். நாலே நிமிஷம்."
"நல்லதுதானே அக்கா."
"நாலு நிமிஷத்துல யாரத் திட்ட முடியும்?"
இரண்டு பேருமே போனை வைக்கவில்லை.