சுத்தக் காற்று என்று நான் எழுதிய இடம்

அண்ணே,

இன்று காலை ஆய்வுகூடத்தில் ஒரு மாணவி அமோனியாப் போத்தலைத் திறந்தாள். மூடியைத் திருகியதுமே முகத்தைக் கோணிக்கொண்டு, "ச்சீ, என்ன நாத்தம் மிஸ்" என்றாள். எனக்கு அந்த வாடை பழகிப்போய்ப் பல வருடங்கள் ஆகின்றன. ஆனால் அவள் மூக்கைப் பொத்திய விதம் அப்படியே என்னுடையது. வேலை விட்டு வாசலில் நீங்கள் வந்து நிற்கும்போது நான் பொத்துவேனே, அதே பெருவிரல், அதே சுட்டுவிரல். வெளியே போய்ப் படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டேன். வாடை தாங்காமல் இல்லை.

இப்போது நாங்கள் செய்வது வாயுவை மோப்பம் பிடிக்கும் இழைகள். வெள்ளீய உப்பைப் பசைக் கரைசலில் கலந்து, ஊசி வழியாகச் சொட்டவிட்டு, பெரிய மின்னழுத்தம் கொடுத்தால், சொட்டு விழாமல் நூலாக இழுபட்டுப் போய் ஈயத்தாளில் படியும். கண்ணுக்குத் தனி இழை தெரியாது, வெள்ளைப் பூஞ்சணம் பூத்தது போலத்தான் இருக்கும். அதைச் சூளையில் சுட்டு, வயர் பிடித்து, வாயுவை ஊதிப் பார்ப்போம். பத்து வருடத்துக்கு முன் நான் உங்களிடம் கொண்டுவந்தது இவ்வளவு நுட்பமானதில்லை. சூடான கண்ணாடித் துண்டில் அதே வெள்ளீய உப்பைத் தெளித்து எடுத்த படலம். வெயிலில் பிடித்தால் மண்ணெண்ணெய் சிந்திய தண்ணீர் மாதிரி நிறம் காட்டும். "இதுவா மூக்கு?" என்று கேட்டீர்கள். "இம்புட்டுத் துண்டுக்கா நாலு வருசம் படிச்ச?"

அருவருப்பு எனக்குச் சின்ன வயதிலிருந்தே அதிகம். தெஹியோவிட்டப் பக்கம் இறப்பர் தோட்டத்தில் வரிசைவீட்டு லயத்தில் பிறந்தவளுக்கு அது ஆகாத குணம். மரத்தில் உறைந்து நாறும் ஒட்டுப்பால் மூட்டையைக் கண்டால் ஓங்கரிப்பேன். பெக்டரித் தாங்கியில் இறப்பர் பால் உறையாமல் இருக்க அமோனியா கலக்கும் வேலை உங்களுக்குக் கிடைத்த பிறகு, உங்கள் துவாயைத் தொடமாட்டேன். உங்கள் சட்டையைத் தனி வாளியில்தான் அம்மா ஊறவைத்தாள். நீங்கள் கோபித்ததே இல்லை. "எங்க தங்கச்சி லயத்துல பொறந்தாலும் மூக்கு மட்டும் பங்களாவுல பொறந்தது" என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தீர்கள். அந்த மூக்கைப் படிக்கவைத்தது உங்கள் சம்பளம் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் தள்ளித்தான் உட்கார்ந்தேன்.

அந்த விடுமுறையில் படலத்தைச் சோதிக்கத் தோட்டத்துக்கு வந்தேன். பழைய இஸ்திரிப்பெட்டியின் சூட்டுத்தட்டு, அதன்மேல் கண்ணாடித் துண்டு, இரண்டு வயர், ஒரு மீற்றர். அவிசாவளைக்கு என்னை அழைத்துப்போக வந்திருந்தீர்கள். யுத்த காலம், தோட்டத்துக்குப் போகும் பஸ்ஸைச் சோதனைச் சாவடியில் நிறுத்தினார்கள். பையைத் திறந்த சிப்பாய்க்கு வயரைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது. என் அடையாள அட்டையில் தமிழ்ப் பெயர். நீங்கள்தான் முன்னே போய், "மல்லி, மேக கந்த பலன மெஷின் எக்கக்" என்று சிரித்தீர்கள். தம்பி, இது நாற்றம் பார்க்கிற மெஷின் என்று. அவன் உங்களை ஒரு தடவை முகர்ந்து பார்த்தான். உன்னை முகர மெஷின் எதற்கு என்று சிங்களத்தில் கேட்டு மூக்கைப் பிடித்துக்கொண்டான். எல்லாரும் சிரித்தார்கள். பஸ் முழுக்க. நீங்களும் சிரித்தீர்கள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன், உங்களுக்கும் எனக்கும் சம்பந்தமில்லை என்பது மாதிரி.

வீட்டுக்கு வந்ததும்தான் உங்கள் தேவையைச் சொன்னீர்கள். இரண்டு வருடமாக இருமல். நம் ஒற்றை அறைக் காம்பராவுக்குப் பின்னால் பெக்டரிக் கான் ஓடுகிறது, தாங்கி கழுவிய தண்ணீரெல்லாம் அதில்தான் வருகிறது. மேல் லயத்தில் ஒரு காம்பரா காலியாக இருந்தது. அதைக் கேட்டு, பொறுப்பாளரான பெக்டரி ஐயாவிடம் போயிருக்கிறீர்கள்.

"நாறுதுன்னு எல்லாரும்தான் சொல்லுவாங்க, அளந்து காட்டுன்னாரு. வேலை செய்யிற எடத்துல மூச்சு முட்டுனா முட்டட்டும், தங்கச்சி. படுக்கிற எடத்துல முட்டக்கூடாதுல்ல? நீ அளந்து ஒரு கடுதாசி குடு. போதும்."

"குடுக்கிறேன்ணே. மொதல்ல குளிச்சிட்டு வாங்க. இந்தச் சட்டையோட மெஷின் பக்கத்துல நிக்காதீங்க, அது கெட்டுப்போகும்."

ஆற்றுக்குப் போய்ச் சவர்க்காரம் தேய்த்துக் குளித்துவிட்டு வந்தீர்கள். அப்படியும் இருபதடி தள்ளியே நிறுத்திவைத்தேன். அங்கிருந்தே எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

படலத்தின் கணக்கு இலேசானது. நல்ல காற்றில் அதன் மின்தடை பத்தில் நிற்கும். அமோனியா பட்டால் இறங்கும். எவ்வளவு இறங்குகிறதோ அவ்வளவு வாயு. தாங்கிக்குப் பக்கத்தில் இரண்டுக்கு இறங்கியது. பெக்டரி வாசலில் நாலு. நம் குசினி வாசலில் ஆறு. ஒரு மணித்தியாலம் காத்திருந்தேன். ஆறை விட்டு ஏறவே இல்லை. பஸ் குலுக்கலில் ஏதோ பழுதாகிவிட்டது என்று எரிச்சல்பட்டேன். "மெஷின் என்னா சொல்லுது?" என்று கத்திக் கேட்டீர்கள். "சொல்லும் சொல்லும், பேசாம இருங்க" என்றேன்.

பல்கலைக்கழகத்துக்குத் திரும்பி, அதே துண்டை அதே வயரோடு மேசையில் வைத்தேன். அரை மணியில் பத்துக்குப் போய் நின்றது. பழுது ஒன்றுமில்லை. நம் குசினி வாசல் காற்றிலேயே வாயு இருந்தது என்று அந்த இடத்திலேயே எனக்கு விளங்கியிருக்க வேண்டும். விளங்கியது என்றுதான் இப்போது நினைக்கிறேன். என் மேற்பார்வையாளர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "அது ஈரப்பதம். உங்கள் ஊரில் மழை அதிகம்தானே? அங்கேயே ஓர் இடத்தைச் சுத்தக் காற்று என்று எடுத்து, அதைக் கழித்துவிடுங்கள். வளைகோடு அழகாக வரும்" என்றார். எங்கள் ஆய்வுகூடத்து ஜன்னலிலும் அன்று மழை அடித்துக்கொண்டிருந்தது. துண்டு பத்தில்தான் நின்றது. அதைச் சொல்லாமல் கொப்பியைத் திறந்தேன். பட்டத்துக்கான ஆய்வறிக்கை கொடுக்க இரண்டு கிழமைதான் இருந்தது.

ஓர் இடம் என்றால் எந்த இடம்? நம் வீடு. எனக்கு அந்தத் தோட்டத்தில் சுத்தமான இடம் என்று தோன்றியது அது ஒன்றுதான். அம்மா சாணம் மெழுகிய வாசல். கொப்பியில் 'சுத்தக் காற்று' என்று எழுதி, ஆறைப் பூச்சியமாக்கினேன். வரைபடம் அழகாக வந்தது. ஒரு கருத்தரங்கில் திரையில் போட்டுக் காட்டினேன். பெரியவர்கள் கட்லட்டைக் கடித்தபடி, "சுத்தமான வேலை" என்று பாராட்டினார்கள். அந்தக் கட்லட்டின் எண்ணெய் வாடை இப்போதும் தொண்டையில் வருகிறது.

வரைபடத்தின் போட்டோக்கொப்பி ஒன்றை உங்களுக்குக் கொடுத்தேன். கடுதாசி கேட்டீர்கள், இதையே காட்டுங்கள் என்றேன். தாங்கிக்குப் பக்கத்தில் உயர்ந்து நிற்கும் கோட்டைத்தான் மனதில் வைத்திருந்தேன். வீட்டைக் காட்டத்தான் நீங்கள் கேட்டீர்கள் என்பதை மறந்துபோனேன் என்று எழுதினால் இந்தக் கடிதமும் பொய்யாகிவிடும். மறக்கவில்லை. அதைப் பற்றி நினைக்காமல் இருந்தேன். அடுத்த முறை வந்தபோது, "ஐயா பாத்தாரா?" என்று கேட்டேன். "பாத்தாரு, படம் நல்லாருக்குன்னாரு" என்றீர்கள். சிரித்துக்கொண்டுதான் சொன்னீர்கள். காம்பரா மாறியிருக்கவில்லை. நானும் ஏன் என்று கேட்கவில்லை.

நான் அளந்து நாலாம் வருடம் நீங்கள் போனீர்கள். மூச்சை இழுத்து இழுத்து, விட முடியாமல். டொக்டர் நெஞ்சு பழுது என்றார், எதனால் என்று சொல்லவில்லை. கடைசி நாட்களில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் உங்களிடம் டெட்டோல் வாடைதான் இருந்தது. அப்போதுதான் முதல் தடவையாக ஒட்டி உட்கார்ந்தேன். என்ன ஒரு தங்கச்சி.

உங்கள் முப்பத்தொன்றாம் நாள் சடங்கு முடிந்த அன்று அண்ணி ஒரு பிஸ்கட் டின்னைத் திறந்தாள். பிறப்புச் சான்றிதழ்களுக்கு மேலே, பொலித்தீன் சுற்றி, என் வரைபடம். 'வீடு' என்று நான் எழுதிய இடத்தில் பூச்சியத்தைச் சுற்றிப் பென்சிலால் ஒரு வட்டம். "இது யாரு போட்டது?" என்றேன்.

"பெக்டரி ஐயா. 'மே பலன்ன, பிந்துவ நே'ன்னு வட்டம் போட்டுக் குடுத்தாராம். பாரு, பூச்சியம்தானே, ஒன் தங்கச்சியே எழுதியிருக்குன்னு."

"அண்ணன் ஏன் என்கிட்ட சொல்லல?"

"சொல்லக்கூடாதுன்னுட்டாரு. நான் சண்டை போட்டேன். அப்ப என்ன சொன்னாரு தெரியுமா? 'புள்ள படிச்சு அளந்தது தப்பா இருக்காதுடி. எனக்குத்தான் மூக்கு பழுதாப் போச்சு'ன்னாரு. அதுக்கப்புறம் நாறுதுன்னு ஒரு நாளும் சொல்லல."

அண்ணி என்னைக் குற்றம் சொல்லவில்லை. தேத்தண்ணி ஊற்றிக்கொடுத்தாள். கான் வாடை வீட்டுக்குள் வந்துகொண்டுதான் இருந்தது. அன்றைக்கு நான் மூக்கைப் பொத்தவில்லை. என் கையைப் பார்க்கவே எனக்கு அருவருப்பாக இருந்தது.

அதற்குப் பிறகும் அந்த அறிக்கையை வைத்துத்தான் எனக்கு வேலை கிடைத்தது, அண்ணே. வேண்டாம் என்று சொல்லவில்லை. சம்பளம் வாங்குகிறேன், 'மிஸ்' என்று கூப்பிடுகிறார்கள், திரும்பிப் பார்க்கிறேன்.

படிக்கட்டிலிருந்து உள்ளே போனபோது அந்த மாணவி மீற்றரைத் தட்டிக்கொண்டிருந்தாள். போத்தலை மூடி ஒரு மணித்தியாலம் ஆகிறது, இழை பழைய நிலைக்கு ஏறவில்லையாம். "ஈரப்பதமா இருக்கும் மிஸ். இதையே சுத்தக் காற்றுன்னு வச்சுக் கழிச்சிடவா?"

கைப்பையில் நான் எப்போதும் வைத்திருக்கும் பொலித்தீனைப் பிரித்து, மடிப்பில் கிழிந்த அந்தத் தாளை அவள் முன்னால் விரித்தேன். பென்சில் வட்டத்தில் விரலை வைத்தேன்.

"என்ன மிஸ் இது?" என்றாள்.

"எங்க அண்ணன் வீடு" என்றேன்.