வாடியில் முதல் தட்டு

மிஸ்,

இன்று காலை மருமகள் தன் போனைக் காட்டினாள். வயது, உயரம், நிறை எல்லாம் கொடுத்தால் ஒரு நாளைக்கு எத்தனை கலோரி சாப்பிடலாம் என்று அது சொல்லுமாம். என்ன வேலை என்று அது கேட்டதற்கு ‘வீட்டில் இருப்பவர்’ என்பதை அமத்தினாள். உடனே ஒரு கணக்கு வந்தது. கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அரிசி களைகிறவளுக்கு வந்த கணக்கு அது. எனக்கு உங்கள் ஞாபகம் வந்துவிட்டது.

எனக்குச் சீனி வருத்தம் என்று தெரிந்தபோது கிளினிக்கில் குளிசையோடு ஒரு தாளும் தந்தார்கள். இத்தனை கலோரி, அதற்கு இத்தனை கரண்டி சோறு. வீட்டுக் கணக்கைப் பிசகாமல் எழுதுகிறவள் நான். தாளையும் அப்படியே பிடித்துக்கொண்டேன். பிள்ளையார் படத்துக்குப் பக்கத்தில் ஒட்டி, விளக்கு வைத்துவிட்டுத்தான் சோறு அளப்பேன். சுகாதார மிஸ்ஸாக வீடு பார்க்க வந்த நீங்கள் அதைக் கண்டு சிரித்தீர்கள்.

“புள்ளையாரே உங்களிட்ட இப்பிடி அளந்து கேக்கல்லயேகா.”

ஞாயிறு தவறாமல் சேர்ச்சுக்குப் போகிற உங்கள் வாயில் எங்கள் பிள்ளையார் வந்தது எனக்குப் பிடித்திருந்தது.

அந்த வருசத்து அறுவடையில்தான் வெல்லாவெளி வயல்வட்டையில், வாடிக் குடிசையின் அடுப்படியில் மயங்கி விழுந்தேன். வெட்டுக்காரர் எல்லோரும் சாப்பிட்டு எழும்பிய பிறகே வயல்காரன் வீட்டுப் பெண் சாப்பிடுவது எங்கள் வழக்கம். விடியச் சீனிக் குளிசையை விழுங்கிவிட்டு, தாள் சொன்ன அந்தச் சிறிய சோற்றுக்காக மத்தியானம் கழியும்வரை காத்து நின்றிருக்கிறேன். கேள்விப்பட்டு மறுநாள் மோட்டார்சைக்கிளில் வயலுக்கே வந்தீர்கள். ஏசப்போகிறீர்கள் என்று நினைத்தேன். நீங்களோ வாடி நிழலில் இருந்து, நான் தண்ணீர் சுமந்ததையும் விறகு தறித்ததையும் பார்த்துக்கொண்டே இருந்தீர்கள்.

சோறு அடுப்பிலிருந்து இறங்கியதும் அகப்பையை என் கையிலிருந்து வாங்கினீர்கள்.

“நீங்க இரிங்க.”

“வெட்டுக்காரர் பசியோட நிக்கிறாங்க மிஸ்,” என்றார் என் கணவர், மெல்ல.

“குளிசை போட்டது அவங்களா, இவவா?”

வெட்டுக்காரர் ஒருவர் சிரித்துவிட்டார். “அக்கா விழுந்தா நாளைக்கு ஆர் சமைக்கிற? அவவுக்கே முதல்ல போடுங்க.”

அத்தனை ஆண்களுக்கு முன்னால் தட்டில் கைவைக்கக் கூசினேன். நீங்களும் ஒரு தட்டோடு பக்கத்தில் இருந்தீர்கள். என் தட்டில் தாராளமாகச் சோறு. உங்கள் தட்டில் கொஞ்சம்.

“ஏன் மிஸ், என்ட சமையல் சரியில்லையா?”

“நல்லாத்தான் இரிக்கு. நான் மோட்டார்சைக்கிள்ல குந்திக்கொண்டு வந்தவள். நீங்க விடியமுன்னம் எழும்பினவ. உங்கட சோறும் என்ட சோறும் எப்பிடி ஒண்டாகும்?”

அடுத்த கிளினிக்குக்கும் கூடவே வந்து, வாடியில் கண்டதையெல்லாம் டொக்டரிடம் சொன்னீர்கள். அவர் பொறுமையாகக் கேட்டு, குளிசையையும் சாப்பாட்டையும் என் வேலைக்குத் தக்கபடி மாற்றி எழுதினார். சீனியும் இறங்கியது; நானும் பிறகு விழவில்லை. எத்தனையோ பேரைப் பார்க்கிற நீங்கள் ஒருத்திக்காக ஒரு பகலை வயலில் கழித்தீர்கள். இப்போது விளக்கு வைக்கும்போது உங்களுக்காகவும் கும்பிடுகிறேன். உங்கள் ஆண்டவர் கோவிக்கமாட்டார்.

இப்போது வெட்டுவது மெஷின். ஆனாலும் மெஷின்காரருக்கும் சாக்குக் கட்டுகிறவர்களுக்கும் வாடியில் சமையல் உண்டு. இன்று மத்தியானம் அங்கே மருமகளை முதலில் சாப்பிடக் கூப்பிட்டேன்.

“அவங்க திண்டு முடியட்டும் மாமி.”

கைக்குழந்தைக்குப் பால் கொடுக்கிறவள். கையைப் பிடித்து இருத்தி, எவ்வளவு போட என்று கேட்டேன். முதலில் வெட்கப்பட்டாள். பிறகு, மிஸ், இன்னொரு அகப்பை கேட்டு வாங்கினாள்.