வரிசை பெரிதா, கலர் பெரிதா

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

உங்கள் வீட்டுக்காரி எழுதிக்கொள்வது. நானும் மகளும் சௌக்கியமாக இருக்கிறோம். உங்கள் முதுகுவலி எப்படி இருக்கிறது? பம்ப் ஹவுஸில் அந்த இரும்பு ஸ்டூலில் உட்காராதீர்கள் என்று சொல்லிச் சொல்லி என் வாய்தான் வலிக்கிறது. மகளுக்குப் பரீட்சையில் இன்னும் இரண்டு பாக்கி. கணக்கு நன்றாக எழுதியிருக்கிறாளாம்.

இதைப் போனில் சொல்லியிருக்கலாம். சொன்னால், மோட்டார் சத்தத்துல ஒண்ணும் கேக்கலை, அப்புறம் பேசலாம் என்று வைத்துவிடுவீர்கள். உங்களுக்கு வேண்டாத பேச்சு வரும்போதெல்லாம் அந்த மோட்டார் சொல்லி வைத்தாற்போல் சத்தம் போடுகிறது. அதனால்தான் கடிதம்.

இன்றைக்கு மதியம் ஒன்று நடந்தது. அதிலிருந்து எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மூன்று பீக்கரை உடைத்துவிட்டேன். அந்த ஆஸ்பத்திரி லேபில் நான் கண்ணாடிச் சாமான் கழுவுகிற இத்தனை வருஷத்தில் மொத்தமாகவே மூன்று உடைத்திருப்பேனா என்பது சந்தேகம்.

சாப்பாட்டு நேரத்தில் எங்கள் ஆட்கள் மூணு சீட்டு ஆடுவார்கள் என்று சொல்லியிருக்கிறேன் அல்லவா? காசு கிடையாது, டெஸ்ட் ட்யூப் ரப்பர் மூடிதான் பந்தயம். இத்தனை நாள் நான் ஒதுங்கியே இருந்தேன். நம் வீட்டில் அது விளையாட்டு இல்லையே, தீர்ப்பு. வெள்ளிக்கிழமை நான் ராஜினாமா கொடுக்கப் போகிறேன் என்று தெரிந்ததும், போகிற ஆள் ஒரு நாளாவது எங்களோடு உட்காரக் கூடாதா என்று ரத்தம் எடுக்கிறவர் விடாமல் கூப்பிட்டார். (அவரைத்தான் லேபில் எல்லோரும் கொசு என்பார்கள்.) ஆட்டம் தெரியுமாக்கா, சொல்லித் தரணுமா என்றும் கேட்டார். எனக்கா, கல்யாணமான வருஷத்திலிருந்து ஆடுகிறேன் என்று பீற்றிக்கொண்டு உட்கார்ந்தேன்.

நாலாவது ஆட்டத்தில் எனக்குக் கலர், மூன்றும் கிளாவர். கொசுவுக்கு வெறும் வரிசை, நாலு, ஐந்து, ஆறு, மூன்றும் வேறு வேறு சின்னம். விரித்ததும் நான் ரப்பர் மூடிகளையெல்லாம் என் பக்கம் வாரினேன். அப்புறம் ஒரே சிரிப்பு. என்னக்கா, பட்டப்பகல்ல வழிப்பறியா இருக்கு, வரிசைதானே பெரிசு, கலர் அதுக்குக் கீழேதானே என்றார் கொசு. இல்லை, கலர்தான் பெரிசு, என் வீட்டுக்காரர் சொல்லிக் கொடுத்தது என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. சிரித்தவர்கள் நிறுத்திவிட்டார்கள்.

எங்கள் இன்சார்ஜ் அம்மா ஒரு பழைய ரிப்போர்ட் தாளைத் திருப்பிப்போட்டு எழுதிக் காட்டினார். எல்லாவற்றுக்கும் மேலே, மூன்றும் ஒரே எண். அடுத்தது, ஒரே சின்னத்தில் வரிசை. அடுத்தது, சின்னம் கலந்த சும்மா வரிசை. அதற்கும் கீழேதான் கலர், வரிசை இல்லாமல் மூன்றும் ஒரே சின்னம். பிறகு ஜோடி, கடைசியில் ஒன்றுமே சேராதது. ஏன் அப்படி என்று நான் விடாமல் கேட்டேன். ஐம்பத்திரண்டு சீட்டில் சும்மா வரிசை எழுநூற்று இருபது விதமாகத்தான் வரும், கலர் ஆயிரத்துத் தொண்ணூற்றாறு விதமாக வரும், எது அரிதோ அதுக்குத்தானே மதிப்பு என்று கால்குலேட்டரில் போட்டே காட்டிவிட்டார். நாள் முழுக்க ரத்த அணு எண்ணுகிற அம்மாவிடம் எண்ணிக்கையில் வாதாட முடியுமா?

உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா, நமக்குக் கல்யாணமான எட்டாவது மாதம். லேப் டெக்னீஷியன் படிப்புக்கு எனக்கு இடம் கிடைத்திருந்தது. இரண்டு வருஷம், வேறு ஊர், ஹாஸ்டல். போகாதே என்றீர்கள், போவேன் என்றேன், மூன்று நாள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. நாலாம் நாள் நீங்கள்தான் சீட்டுக்கட்டைக் கொண்டுவந்து வைத்தீர்கள். சண்டை வேணாம், மூணு சீட்டு போடுவோம், ஜெயிச்சவங்க சொல்றபடி நடக்கட்டும் என்றீர்கள். ஆட்டமே தெரியாத எனக்கு எது பெரிசு எது சிறிசு என்று பத்து நிமிஷத்தில் சொல்லியும் கொடுத்தீர்கள். எனக்கு ஆறு, ஏழு, எட்டு விழுந்தது. உங்களுக்கு மூன்று ஆர்ட்டின். நான் கட்டி வைத்திருந்த பெட்டியைப் பிரித்துவிட்டு இந்த லேபில் கழுவுகிற வேலைக்குச் சேர்ந்தேன். அந்த வருஷம் இடம் கிடைத்தவர்களின் பட்டியலில் என் பெயருக்கு நேர் கீழே இருந்தவர்தான் இன்றைக்கு எங்கள் இன்சார்ஜ் அம்மா. அவருக்கு அது தெரியாது, நானும் சொன்னதில்லை.

அந்தப் படிப்பு மட்டுமா? அதற்கப்புறம் நம் வீட்டில் எல்லாமே மூணு சீட்டுதான். மற்ற வீட்டில் புருஷன் பெண்டாட்டி தெருவே கூடுகிற மாதிரி கத்துவார்கள், நாம் சத்தமில்லாமல் கலைத்துப் போட்டோம். அதில் எனக்குப் பெருமை வேறு. பஸ்ஸில் வரும்போது விரல் விட்டு எண்ணிக்கொண்டே வந்தேன். மாடி வீடு வேண்டாம், தரை வீடு போதும் என்று முடிவானது, என் வரிசையை உங்கள் கலர் அடித்ததால். ஹாலுக்குப் பச்சை பெயிண்ட், அதுவும் அப்படியே. பதினொரு வருஷமாகப் பாசி பிடித்த தொட்டிக்குள் உட்கார்ந்து சாப்பிடுகிற மாதிரி சாப்பிடுகிறேன். போன லீவில் போட்டது கடைசி ஆட்டம். வேலையை விட்டுவிட்டு உங்கள் குவார்ட்டர்ஸுக்கு நான் வருவதா, இங்கேயே இருப்பதா என்று. எனக்கு ஒன்பது, பத்து, ஜாக்கி. உங்களுக்கு மூன்று டைமன். அதனால்தான் அந்த ராஜினாமாக் கடிதம் இப்போது என் கைப்பையில் இருக்கிறது.

ஜெயித்தது நான். படிப்புக்கும் வேலைக்கும், இரண்டு தடவையும் ஜெயித்தது நான்!

உங்கள் மேல் கோபமில்லை. உங்களுக்கும் யாரோ தப்பாகச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள், நீங்கள் அப்படியே எனக்குச் சொல்லியிருப்பீர்கள். இரண்டு பேரும் சேர்ந்து பத்தொன்பது வருஷம் தலைகீழாக ஆடியிருக்கிறோம், இந்தக் கூத்தை யாரிடம் சொல்லி அழ? மகள் கேட்டால் விழுந்து விழுந்து சிரிப்பாள். படித்துக்கொண்டிருக்கிறாள், சாப்பிட வரும்போது சொல்ல வேண்டும். மீதியை நாளைக்கு எழுதுகிறேன்.

புதன்கிழமை மதியம்.

மேலே எழுதியதைக் கிழித்துப் போடலாமா என்று பார்த்தேன். வேண்டாம், இருக்கட்டும். நேற்றுவரை உங்களைப் பற்றி நான் என்ன நினைத்தேன் என்று நீங்களும் தெரிந்துகொள்ளுங்கள்.

மகள் சிரிக்கவில்லை. தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்னடி, உனக்குச் சிரிப்பு வரலையா என்றேன். எனக்குத் தெரியும்மா என்றாள். எது தெரியும் என்றேன். வரிசைதான் பெரிசுன்னு தெரியும், நான் மூணாங்கிளாஸ் படிக்கிறப்ப அப்பா சொல்லிக் கொடுத்தார் என்றாள்.

எனக்குப் புரியவில்லை. நம்புங்கள், நிஜமாகவே புரியவில்லை. அப்போ என்கூட ஆடும்போதெல்லாம் கலர்தான் பெரிசுன்னு ஆடினியே என்று கேட்டேன். உன்கூட ஆடினா உன் கணக்கு, அப்பாகூட ஆடினா சரியான கணக்கு, அம்மாகிட்ட சொல்லிடாதே, பாவம் வருத்தப்படுவான்னு அப்பாதான் சொன்னார் என்றாள். எட்டு வயதுக் குழந்தையிடம் அம்மாவுக்குத் தெரியாமல் ரகசியம் காக்கச் சொல்லியிருக்கிறீர்கள். அவளும் ஒன்பது வருஷமாக வாயைத் திறக்கவில்லை. போன லீவில் நாம் ஆடியபோது பக்கத்து அறையில்தான் இருந்தாளாம். ஒன்பது, பத்து, ஜாக்கி இருந்தும் போச்சே என்று நான் உச்சுக்கொட்டியது அவளுக்குக் கேட்டதாம். வந்து சொல்லிடலாம்னு எழுந்தேன்மா, அப்புறம் உட்கார்ந்துட்டேன் என்று தேம்பித் தேம்பி அழுதாள். அவளைத் தேற்றுவதிலேயே நேரம் போய்விட்டது. எனக்கு அழ முறை வரவில்லை.

மறந்துபோச்சு என்று சொல்ல வராதீர்கள். மகளோடு ஆடும்போது ஞாபகம் இருந்தது, என்னோடு ஆடும்போது மட்டும் மறந்ததா? அந்த மூன்று டைமனை விரித்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் தண்ணீர் குடிக்க எழுந்து போனீர்களே. பாவம், தாகமாக இருந்திருக்கும் என்று நான் நினைத்தேன். 

நியாயமும் பேச வேண்டும். மகளை ஆறாம் வகுப்புக்கு ஹாஸ்டலில் விடுவதா வேண்டாமா என்று ஆடினோம். அன்றைக்கு எனக்குக் கலர், உங்களுக்கு வரிசை. ஜெயித்தது நீங்கள், அது உங்களுக்கே தெரியும். இருந்தும் சீட்டைக் கவிழ்த்துவிட்டு, சரி, வீட்டுலேயே இருக்கட்டும் என்றீர்கள். அதை நினைத்தால் உங்களைத் திட்ட வாய் வரவில்லை. அடுத்த நிமிஷமே, உண்மையைச் சொன்னால் மற்றதெல்லாம் வெளியே வந்துவிடும் என்ற பயமோ என்று தோன்றுகிறது. நீங்கள் விட்டுக்கொடுத்தீர்களா, பயந்தீர்களா? இத்தனை வருஷம் உங்களோடு குடித்தனம் செய்த எனக்கு இதற்குப் பதில் தெரியவில்லை. அதுதான் தலையில் இடி விழுந்த மாதிரி இருக்கிறது.

ராஜினாமாக் கடிதத்தைக் காலையில் கிழித்துப் போட்டுவிட்டேன். நேரே இன்சார்ஜ் அம்மாவிடம் போனேன். நீண்ட நாள் வேலை செய்தவர்களை ஆஸ்பத்திரியே அந்த இரண்டு வருஷப் படிப்புக்கு அனுப்புகிறது, வயது நாற்பத்தைந்துக்குள் இருக்க வேண்டும். இரண்டு தடவை என்னைக் கேட்டார், வீட்டில் முடிவாகிவிட்டது என்று நான்தான் மறுத்தேன். இன்றைக்குப் பெயர் கொடுத்துவிட்டேன். வீட்டுல கேட்டுட்டீங்களா என்று அவர் கேட்டார். இனி சொல்லத்தான் வேணும், கேக்க வேண்டியதில்லை என்றேன். மகள் கல்லூரியில் சேருகிற வருஷமே நானும் போய்ப் பெஞ்சில் உட்காரப் போகிறேன். யார் முதலில் பெயிலாகிறோம் என்று பார்க்கலாம் என்கிறாள் அவள். நேற்றிலிருந்து இந்த வீட்டில் கேட்ட ஒரே சிரிப்பு அதுதான்.

மாதக் கடைசியில் லீவுக்கு வாருங்கள். வராதீர்கள் என்று நான் சொல்லவில்லை. வந்து கத்துங்கள், நானும் கத்துகிறேன், அக்கம்பக்கத்தில் கேட்டால் கேட்கட்டும். மகளிடம் முதலில் பேசுங்கள், அவள் உங்களுக்காகச் சுமந்த பாரத்தை நீங்கள்தான் இறக்கி வைக்க வேண்டும். அவள் தெரிந்துகொண்ட பிறகு நாம் போட்ட ஒவ்வொரு ஆட்டத்துக்கும் எனக்குப் பதில் சொல்ல வேண்டும். நான் விடப்போவதில்லை.

முதல் ஆட்டத்தைப் பற்றி மட்டும் வேறு மாதிரி கேட்டுக்கொள்கிறேன். கலர்தான் பெரிசு என்று நீங்கள் சீட்டுப் போடுவதற்கு முன்னால் சொன்னீர்களா, நான் ஆறு, ஏழு, எட்டை விரித்துக் கைதட்டிய பிறகு சொன்னீர்களா என்று நேற்றிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஒரு சமயம் முன்னால் சொன்ன மாதிரி இருக்கிறது. ஒரு சமயம் பின்னால் சொன்ன மாதிரி இருக்கிறது. அன்றைக்கு எனக்கே தெரியாது, தெரியாமல்தான் சொன்னேன் என்று ஒரு வரி எழுதிவிடுங்கள். நான் நம்பிக்கொள்கிறேன், மறுபடி கேட்கவே மாட்டேன். நடந்தது வேறாக இருந்தால், உங்களைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன், அதை மட்டும் எனக்கு எழுதாதீர்கள்.

இன்னமும் உங்கள்,
வீட்டுக்காரி