நோன்பு நடுவே கோழிக் குழம்பு

பாக்கஸ் மார்ஷ்,
8 ஏப்ரல் 2013

அன்புள்ள எத்தெனெஷ்,

நலம்தானே? ஆண்டவர் கிருபையால் நாங்களும் நலம். போனில் உங்களைப் பிடிக்க முடியவில்லை. கடையில் எப்போதும் கூட்டம் போல. அதனால் எழுதுகிறேன். சனிக்கிழமை நடந்ததை அப்படியே விழுங்கிக்கொள்ள என்னால் ஆகவில்லை.

மிஹ்ரெத்தைத் தத்தெடுத்து எத்தியோப்பியாவிலிருந்து கூட்டிவந்த நாள் முதல், மாதந்தோறும் அவளை உங்கள் எத்தியோப்பிய மக்கள் கூடும் ஃபுட்ஸ்கிரே ஹாலுக்கு அழைத்து வருகிறோம். இரண்டு மணிக்கு என்பீர்கள். நாலு மணிக்குத்தான் முதல் ஆள் வருவார். சாவி யாரிடம் என்று யாருக்கும் தெரியாது. உங்கள் பெண்கள் என்னைக் கேட்காமலே அவள் தலையை அவிழ்த்துப் பின்னுவார்கள். எல்லாம் பொறுத்தேன். பின்னல் அழகாக இருந்ததையும் ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் இது? இதுவரை பழமும் காகிதத் தட்டும்தான் கொண்டுவந்திருக்கிறேன். ஈஸ்டர் முடிந்து முதல் கூடுகை ஆயிற்றே என்று, இந்தமுறை உங்கள் முறைப்படி கோழிக் குழம்பு வைத்தேன். ஒரு நாள் முழுக்க அடுப்படியில்தான் கிடந்தேன். அதில் போடும் முட்டைகளை மிஹ்ரெத்தே உரித்தாள். மேசையில் வைத்ததும் ஆளுக்கொரு முத்தம் என் கன்னத்தில் கொடுத்தார்கள். குழம்பை ஒருவரும் தொடவில்லை. பக்கத்திலிருந்த பருப்பும் கீரையும் மட்டும் காலி. பிள்ளை தட்டில் முட்டையை வைத்து ஒவ்வொருவரிடமும் நீட்டிப் பார்த்தாள். "அப்புறம் கண்ணு, அப்புறம்" என்றார்கள்.

காரில் அவள் சொன்னாள்: "நான் அவங்க ஆளு இல்லம்மா. இனிமே என்னை அங்க கூட்டிட்டுப் போகாதே."

எட்டு வயதுப் பிள்ளை. இதற்கு என்ன பதில் சொல்வேன்? நீங்களே எழுதுங்கள்.

மன வருத்தத்துடன்,
கிளெனிஸ்

ஃபுட்ஸ்கிரே,
12 ஏப்ரல் 2013

மிஹ்ரெத்தின் அம்மாவுக்கு,

வணக்கம். உங்கள் வீட்டுக்காரர் ராஸ், பிள்ளை எல்லாரையும் கேட்டதாகச் சொல்லுங்கள்.

முடிந்தது உங்கள் ஈஸ்டர், அம்மா. எங்கள் சபையின் பழைய நாள்காட்டிப்படி எங்களுக்கு மே ஐந்தாம் தேதிதான். அதுவரை நோன்பு, இறைச்சி, முட்டை, பால், நெய் எதுவும் கிடையாது. அதன் நடுவே நீங்கள் கோழிக் குழம்பைக் கொண்டுவந்து மூடியைத் திறந்தீர்கள். என் வீட்டுக்காரர் வாசனை தாங்காமல் கார் நிறுத்துமிடத்தில் போய் நின்றார். "அந்தம்மா நம்மள சோதிக்கத்தான் வந்திருக்கு" என்றார்.

சொல்லியிருக்கலாமே என்பீர்கள். ஆசையாகச் சமைத்து வந்தவரிடம் எந்த வாயால் சொல்வது? நீ சொல், நீ சொல் என்று ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டே பொழுதைப் போக்கிவிட்டோம். அது எங்கள் தவறுதான்.

உங்கள் தவறையும் சொல்லிவிடுகிறேன். இஞ்சேரா அப்பத்துக்கு மாவு புளிக்கும் பக்குவம் கேட்டீர்கள், நடனம் கேட்டீர்கள், தலைக்கு எண்ணெய் கேட்டீர்கள். ஒரு ஞாயிறும் சர்ச்சுக்குத் தவறாதவர், நாங்கள் எப்படிக் கும்பிடுகிறோம் என்று என்றைக்காவது கேட்டீர்களா? எங்களுக்குச் சாப்பாடும் ஆட்டமும் மட்டும்தானா?

எங்களில் ஏழு வயதானால் பிள்ளைகளும் நோன்பிருக்கும். மிஹ்ரெத் நீட்டிய முட்டையை வாங்கவும் முடியாமல் மறுக்கவும் முடியாமல் என் மகள் கழிவறையில் போய் அழுதாள். பிள்ளையை யாரும் ஒதுக்கவில்லை. அடுத்த கூடுகைக்கு நீங்கள் அழைத்து வராவிட்டால் நானே வந்து தூக்கிப்போவேன்.

உரிமையுடன்,
எத்தெனெஷ்

பாக்கஸ் மார்ஷ்,
17 ஏப்ரல் 2013

அன்புள்ள எத்தெனெஷ்,

உங்கள் கடிதத்தில் அந்தக் கேள்வி சுட்டது. எப்படிக் கும்பிடுகிறீர்கள் என்று நான் கேட்டதில்லை. மன்னிப்புக் கேட்க வேண்டும். இன்னும் கோபம் தணியவில்லை, தணிந்ததும் கேட்கிறேன்.

அதற்குள் வேறு தலைவலி. கடிதத்தை மிஹ்ரெத்துக்கு வாசித்துக் காட்டினேன், சமாதானமாவாள் என்று. அன்றிரவு ராஸ் அவள் தட்டில் சாசேஜ் வைத்தார். தட்டைத் தள்ளிவிட்டாள்.

"எனக்கு இன்னும் ஈஸ்டர் வரலப்பா."

ராஸ் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. மறுநாள் பாலும் தொடவில்லை. மிச்சமிருந்த ஈஸ்டர் சாக்லேட் முட்டைகளை நாற்காலி போட்டு ஏறி அலமாரி உச்சியில் வைத்தாள். "எல்லாம் நீ வாசிச்சுக் காட்டினதால வந்தது" என்று ராஸ் என்மேல் பாய்கிறார். கெஞ்சினேன், மிரட்டினேன். வெறும் ரொட்டியும் ஜாமும்தான் இறங்குகிறது. அவள் தனியாக நோன்பிருக்க வேண்டாமே என்று நானும் சேர்ந்துகொண்டேன். பாலில்லாத தேநீர் சகிக்கவில்லை.

இதைக் கண்டதும் போன் செய்யுங்கள். எட்டு வயதுப் பிள்ளைக்குக் காலையில் என்ன கொடுப்பீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள். மிச்சச் சண்டையை மே ஐந்துக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

அவசரத்துடன்,
கிளெனிஸ்