மன்னார் என்கிற மாறிலி

மச்சான், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். இன்று காலை உன் கணினியைப் பார்த்து, "அடேய், அவன் மௌத்தாகி மண்ணுக்குள்ள போயிட்டான்டா, இனியாவது கேளேன்டா!" என்று கத்திவிட்டேன். பின்னால் தேத்தண்ணிக் கோப்பையோடு நின்ற, விடுதியில் தங்கியிருக்கிற ஜெர்மன்காரி மெதுவாகத் தன் அறைக்குத் திரும்பிப் போனாள். இந்த வயதில் எனக்கு இது தேவையா?

எல்லாம் உன் மன்னாரால் வந்தது. புத்தளத்தில் இருக்கிற நம் ஆலங்குடா விடுதிக்கு நீயே ஜாவாஸ்கிரிப்ட் படித்து இணையப்பக்கம் எழுதினாய். காற்றின் வேகம், காலி அறை எல்லாவற்றையும் 'லெட்' என்று அறிவித்தாய், அவை மாறலாம். 'ஊர்' என்பதற்குள் மட்டும் மன்னாரைப் போட்டு, 'கொன்ஸ்ட்' என்று, மாறவே முடியாத மாறிலியாகப் பூட்டினாய். வழிகாட்டும் வரைபடமும் அந்த ஊரையே பார்த்தது. கடலில் காற்றாடிச் சறுக்கு விளையாடக் கைட்டும் பலகையும் சுமந்து ஒருவன் மன்னாரில் போய் இறங்கி, "கடல் இருக்கிறது, நீங்கள் எங்கே?" என்று உனக்குக் கோல் எடுத்தான்.

"மாத்தித் தொலையேன்டா" என்றேன்.

"இருக்கிற இடம் மாறும் மச்சான். ஊர் மாறுமா? தொண்ணூறுல முஸ்லிம் ஆக்கள மன்னார விட்டு விரட்டினப்ப ஓடி வந்தவன்ட்ட கேக்கிற கேள்வியா இது?"

வருகிறவர்களுக்கு வழி சொல்லிச் சொல்லியே சமாளித்தாய். இப்போது சொல்ல நீ இல்லை. போன கிழமை ஒரு குடும்பம் மன்னாருக்குப் போய், அங்கேயே அறை எடுத்துவிட்டது. கணவனை இழந்தவள் வீட்டோடு இருக்கிற இத்தா முடிந்த கையோடு, என்னை அண்ணன் முறையில் நானா என்று கூப்பிடுகிற உன் மனைவி வந்து நின்றாள். "நானா, இந்தக் காத்துக் காலத்தையும் விட்டா விடுதிய மூடத்தான் வேணும்."

உன் வரியைத் தொட மனம் வரவில்லை. அதற்குக் கீழே புது வரி எழுதி, 'ஊர்' என்பதற்கு ஆலங்குடாவைக் கொடுத்தேன். பக்கமே வெள்ளையாகிவிட்டது. மாறிலிக்கு இன்னொரு பெறுமானம் ஏறாது என்று சிவப்பெழுத்தில் ஏச்சு. அப்போதுதான் கத்தினேன்.

மேலே போய் மன்னாரை அழித்து எழுதினால் ஒரு நொடி வேலை. கை போகவில்லை. கடைசியில் 'இடம்' என்று புதிதாக ஒரு லெட் உண்டாக்கி, அதற்குள் ஆலங்குடாவை வைத்து, வரைபடத்தை அதன் பக்கம் திருப்பினேன். உன் 'ஊர்' என்பதற்குள் மன்னார் அப்படியே இருக்கிறது.

களைத்துப்போய், ஆனால் கொஞ்சம் பெருமையோடு உன் மனைவியைக் கூப்பிட்டேன். "பாருங்க தங்கச்சி, அவன்ட ஊரில நான் கை வைக்கல்ல."

நீ எழுதியதை அவள் குனிந்து வாசித்தாள்.

"அது சரி நானா. ஆனா அவங்க உம்மா பிள்ளப்பேறுக்கு இங்க வந்திருந்ததால, அவர் பொறந்தது புத்தளம் ஆஸ்பத்திரியில."